அர்செனல் ஸ்டேஷனும் நம் பாதையின் மஞ்சள் பலகையும்

கண்ணமங்கலம் பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "லண்டனில் அர்செனல் கிளப்புக்காக ஒரு ஸ்டேஷன் பெயரையே மாற்றியிருக்கிறார்கள். எங்கள் ஊர் ஸ்டேஷனுக்கும் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஃபுட்பால் கிளப் பெயரை வைக்கச் சொல்லிக் கையெழுத்து வாங்க ஆரம்பித்திருக்கிறோம். நடக்குமா? மனுவை யாரிடம் கொடுக்க வேண்டும்?" ஊர்ப் பெயரையும் கிளப் பெயரையும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டுவிட்டேன். காட்பாடி–விழுப்புரம் பாதையில் உள்ள ஒரு சின்ன ஸ்டேஷன் என்பது மட்டும் தெரிந்தால் போதும்.

நான் ரயில்வேயில் முப்பத்திரண்டு வருஷம் புக்கிங் கிளார்க்காக இருந்தவன். அதில் பாதிக்கு மேல் இந்தப் பாதையில்தான். வேலை கிடைப்பதற்கு முன்னால் வேலூரில் ஃபுட்பால் டீமில் ஃபுல் பேக், அதாவது தடுப்பாட்டக்காரனாக, ஆடிக்கொண்டிருந்தேன். வேலை கிடைத்த பிறகும் ஞாயிற்றுக்கிழமை மைதானத்தை விடவில்லை. ரயில், பந்து இரண்டின் மேலும் எனக்குப் பாசம் உண்டு. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கேட்கலாம் தம்பி, தடை ஒன்றும் இல்லை. ஆனால் ஊர்ப் பெயரை எடுத்துவிட்டுக் கிளப் பெயரை வையுங்கள் என்று கேட்டால் கிடைக்காது. கிடைக்கவும் கூடாது என்றே நினைக்கிறேன். ஊர்ப் பெயர் அப்படியே இருக்கட்டும், அதற்குப் பின்னால் மைதானத்தின் பெயரைச் சேர்த்துக் கேளுங்கள். அதற்கு நியாயமும் இருக்கிறது, வழியும் இருக்கிறது. ஏன் என்று சொல்ல அர்செனல் கதையிலிருந்தே தொடங்க வேண்டும், ஏனென்றால் நீங்கள் அதைப் பாதி கேட்டிருக்கிறீர்கள்.

அந்த ஸ்டேஷன் 1906 டிசம்பரில் திறந்தபோது பெயர் கில்லெஸ்பி ரோடு. பக்கத்தில் ஓடும் தெருவின் பெயர். அப்போது அங்கே ஃபுட்பாலும் இல்லை, அர்செனலும் இல்லை. அர்செனல் என்றால் ஆயுதக் கிடங்கு. தேம்ஸ் நதிக்குத் தெற்கே வுல்விச்சில் இருந்த அரசாங்க ஆயுதச் சாலைத் தொழிலாளர்கள் 1886-ல் தொடங்கிய கிளப் அது. அங்கே கூட்டம் சேரவில்லை, பணம் முடை. அதனால் 1913-ல் நதியைத் தாண்டி வடக்கே ஹைபரிக்கு இடம் மாறினார்கள். ஹைபரியைத் தேர்ந்தெடுக்க ஒரு பெரிய காரணமே வாசலில் பாதாள ரயில் ஸ்டேஷன் இருந்ததுதான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கிளப்பைத் தேடி ஸ்டேஷன் வரவில்லை, ஸ்டேஷனைத் தேடிக் கிளப் வந்தது.

1925-ல் ஹெர்பர்ட் சாப்மன் அங்கே மேனேஜராக வந்தார். சுரங்கத் தொழிலாளியின் மகன். ஹடர்ஸ்ஃபீல்டு டவுன் டீமைத் தூக்கி நிறுத்திவிட்டு வந்தவர். 1930-ல் அர்செனல் எஃப்.ஏ. கோப்பையை வென்றது, 1931-ல் லீக் சாம்பியன். அந்தச் சூட்டோடு அவர் ரயில் கம்பெனியைப் போய்ப் பார்த்தார். கில்லெஸ்பி ரோடு என்ற தெருவை லண்டனில் யாருக்கும் தெரியாது, அர்செனலைத் தெரியாதவர் இல்லை என்பது அவர் வாதம். கம்பெனி உடனே தலையாட்டவில்லை. டிக்கெட் எல்லாம் புதிதாக அச்சடிக்க வேண்டும், டிக்கெட் மெஷின்களை மாற்ற வேண்டும், வரைபடங்களைத் திருத்த வேண்டும். மாதக்கணக்கில் பேசி 1932 அக்டோபர் 31-ல் பெயர் மாறியது.

அவர் ஜெயித்ததற்கு, எனக்குத் தோன்றும் ஒரு காரணத்தைச் சொல்கிறேன். அந்தப் பாதையை அப்போதுதான் வடக்கே நீட்டிக்கொண்டிருந்தார்கள். 1932 செப்டம்பரில் ஆர்னோஸ் குரோவ் வரை புது ஸ்டேஷன்கள் திறந்தன. வரைபடத்தை எப்படியும் மாற்றியாக வேண்டிய நேரம், அச்சகம் எப்படியும் ஓடிக்கொண்டிருந்த நேரம். கதவு திறந்திருக்கும்போது உள்ளே நுழைந்தார் சாப்மன். ரயில்வேக்குள் இருந்தவனுக்கு இது சட்டென்று புரியும். ஒரு பெயரை மட்டும் தனியாக மாற்றச் சொன்னால் எந்த ஆபீசும் முகம் சுளிக்கும். எல்லாவற்றையும் மாற்றும்போது அதோடு இதையும் சேர்த்துக்கொள்வார்கள்.

இன்னொரு விஷயம், இதைத்தான் யாரும் சொல்வதில்லை. 1932-ல் வைத்த பெயர் வெறும் அர்செனல் இல்லை. அர்செனல் என்று போட்டு அடைப்புக்குறிக்குள் ஹைபரி ஹில் என்று இடத்தின் பெயரையும் சேர்த்திருந்தார்கள். ஊர் தெரியாதவர் இறங்கித் தடுமாறக் கூடாது என்பதற்காக. வால் உதிர்ந்து அர்செனல் மட்டும் நின்றது ரொம்ப வருஷம் கழித்துத்தான்.

என் மகள் லண்டனில் நர்ஸ். அவள் வீட்டுக்குப் போயிருந்தபோது அந்த ஸ்டேஷனைப் பார்க்காமல் திரும்ப மாட்டேன் என்று அடம்பிடித்துப் போனேன். மேலே தெருவில் வீடுகளுக்கு நடுவே ஒரு சின்ன வாசல், அதன் நெற்றியில் பெரிய எழுத்தில் அர்செனல். உள்ளே லிஃப்டும் இல்லை, ஓடும் படியும் இல்லை. நீளமாகச் சரிந்து இறங்கும் ஒரு சுரங்க நடை. நடுவே கம்பி போட்டு ஒரு பக்கத்தைக் குறுகலாகப் பிரித்திருக்கிறார்கள். ஆட்ட நாளில் கூட்டம் எந்தப் பக்கம் அதிகமோ அதற்கு அகலமான வழி, எதிர்ப்பக்கம் வருகிறவர்களுக்குக் குறுகல் வழி. கீழே பிளாட்பாரத்தில் நின்று சுவரைப் பார்த்தால், ஓடுகளில் பதித்து, பெரிய எழுத்தில் கில்லெஸ்பி ரோடு என்றுதான் இருக்கிறது. அதை அழிக்கவில்லை. பலகையில் அர்செனல், சுவரில் கில்லெஸ்பி ரோடு. நான் மூன்று ரயிலை விட்டுவிட்டு அங்கேயே நின்றேன். மகள் கையைப் பிடித்து இழுத்துப் போக வேண்டியதாயிற்று.

அந்தக் கம்பித் தடுப்பைப் பாருங்கள் தம்பி, பெயருக்கு ஆதாரம் அங்கேதான் இருக்கிறது. 1935 மார்ச்சில் சண்டர்லாண்டோடு ஆடியபோது ஹைபரி மைதானத்துக்குள் 73,295 பேர். அந்த மாதிரிக் கூட்டம் இந்தச் சுரங்க நடை வழியாகவும் வந்தது. டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தது. ரயில் கம்பெனிக்குக் கிளப் மேல் பாசம் இருந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது, டிக்கெட் மேல் பாசம் இருந்தது. அது நியாயமான பாசம்தான்.

2006-ல் அர்செனல் ஹைபரியை விட்டுப் புது ஸ்டேடியத்துக்குப் போனது. பழைய மைதானம் இன்று அடுக்குமாடிக் குடியிருப்பு, பந்து உருண்ட புல்வெளி நடுவில் தோட்டமாக இருக்கிறது. புது ஸ்டேடியமும் நடக்கிற தூரம்தான் என்பதால் ஸ்டேஷன் பெயர் பிழைத்தது. அடுத்த ஊருக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வெஸ்ட் ஹாம் கிளப்பைப் பாருங்கள். 2016-ல் அப்டன் பார்க்கை விட்டு ஸ்ட்ராட்ஃபோர்டுக்குப் போய்விட்டது. ஸ்டேஷனுக்கு இடத்தின் பெயரே இருந்ததால் யாருக்கும் குழப்பம் இல்லை, இன்றும் அது அப்டன் பார்க். டாட்டன்ஹாம் கதை வேறு. புது ஸ்டேடியம் கட்டிய பிறகு பக்கத்திலிருக்கும் ஒயிட் ஹார்ட் லேன் ஸ்டேஷனுக்குக் கிளப் பெயரை வைக்க ஆசைப்பட்டார்கள். அந்தப் பேச்சில் 1 கோடியே 47 லட்சம் பவுண்டு என்ற தொகை வெளியே வந்தது. ஸ்டேஷன் இன்னும் ஒயிட் ஹார்ட் லேன்தான். சாப்மன் காலம் போய்விட்டது, இன்று அங்கேயே அது அவ்வளவு சுலபம் இல்லை.

சரி, நம் நாட்டுக்கு வருவோம்.

1932-ல் லண்டன் பாதாள ரயில் தனியார் கம்பெனி. ஒரு ஆபீஸ் சம்மதித்தால் வேலை முடிந்தது. இங்கே ஸ்டேஷன் பெயரை ரயில்வே தானாக மாற்ற முடியாது. பலர் இதைத் தெரியாமல் ஸ்டேஷன் மாஸ்டரிடம் மனு கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். அவர் வாங்கி வைத்துக்கொள்வார், மேலே அனுப்பவும் செய்வார், ஆனால் அவர் கையில் ஒன்றும் இல்லை. மாநில அரசு கேட்க வேண்டும். காரணங்களோடு மத்திய உள்துறை அமைச்சகத்துக்கு எழுத வேண்டும். உள்துறை ரயில்வே அமைச்சகத்தையும் அஞ்சல் துறையையும் இந்திய நில அளவைத் துறையையும் கேட்டு, ஆட்சேபம் இல்லை என்று சொன்ன பிறகு மாநில அரசிதழில் வெளியிட வேண்டும். அதற்குப் பிறகுதான் ரயில்வே பலகையைத் தொடும்.

உள்துறை எதைப் பார்த்து முடிவு செய்யும்? 1953-ல் மாநிலங்களுக்கு அனுப்பிய வழிகாட்டுதல்தான் இன்றும் அடிப்படை. அதன் சாரம் இதுதான். மக்கள் பழகிய பெயரை மிக முக்கியமான காரணம் இல்லாமல் மாற்ற வேண்டாம். சரித்திரத் தொடர்புள்ள பெயரைக் கூடியவரை விட்டுவிட வேண்டும். உள்ளூர் அபிமானம் மட்டும் காரணமாகாது, தலைவர்களுக்கு மரியாதை என்பதும் மட்டும் காரணமாகாது. புதுப் பெயர் அக்கம்பக்கத்தில் இன்னொரு ஊர்ப் பெயரோடு குழம்பக் கூடாது. உங்கள் மனுவை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கிளப் மேல் உள்ள பெருமை என்பது அப்படியே உள்ளூர் அபிமானம் என்ற வரியில் போய் விழும். ஒரு அதிகாரி அந்த ஒரு வரியைக் காட்டி மனுவை மூடிவிட முடியும்.

மாறாமலா இருக்கிறது என்பீர்கள். மாறுகிறது. சென்னை சென்ட்ரல் 2019 ஏப்ரலில் புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி. இராமச்சந்திரன் சென்ட்ரல் ஆனது. உத்தரப் பிரதேசத்தின் முகல்சராய் 2018-ல் தீன்தயாள் உபாத்யாயா ஜங்ஷன் ஆனது. இரண்டுமே அரசாங்கங்களே நினைத்துச் செய்தவை. சென்ட்ரலுக்குப் பெயர் மாறினாலும் கம்ப்யூட்டர் குறியீடு பழைய எம்.ஏ.எஸ்.தான், சென்ட்ரல் என்ற சொல்லும் கடைசியில் நிற்கிறது. காட்பாடியில் ஏறுகிற யாரைக் கேட்டாலும் சென்ட்ரலுக்கு ஒரு டிக்கெட் என்றுதான் சொல்வார்கள். ஜனங்கள் எந்தப் பெயரை நாக்கில் வைத்திருக்கிறார்களோ அதை விட்டு ஓடாமல் மாற்றினார்கள், அதனால் யாரும் வழி தவறவில்லை.

ஸ்டேஷன் பெயர் என்பது உள்ளூர்க்காரனுக்காக எழுதியது இல்லை. உங்களுக்கும் எனக்கும் பலகையே தேவையில்லை. வேப்பமரத்தையும் தண்ணீர்த் தொட்டியையும் பார்த்தே இறங்கிவிடுவோம். பலகை ஊர் தெரியாதவனுக்கு. அதை நான் நேரில் கற்றுக்கொண்ட நாள் ஒன்று உண்டு.

1980-களில் ஆரணி ரோடு ஸ்டேஷனில் இருந்தேன். மீட்டர் கேஜ், அதாவது குறுகலான தண்டவாளக் காலம். ஆரணி ரோடு ஸ்டேஷன் ஆரணியில் இல்லை, களம்பூரில் இருக்கிறது. ஆரணிக்கு அங்கிருந்து பத்துக் கிலோமீட்டருக்கு மேல். பெயருக்குப் பின்னால் ரோடு என்று இருந்தால் ஊர் தள்ளி இருக்கிறது, இறங்கி ரோட்டைப் பிடி என்று அர்த்தம். அது ரயில்வேக்காரன் பாஷை. சாயங்கால பாசஞ்சர் வந்து நின்றது. கோலார் தங்கவயலிலிருந்து ஒரு டீம் இறங்கியது. பதினான்கு பதினைந்து பையன்கள், வலைப்பையில் நாலு பந்து, லேஸால் முடிந்து தோளில் தொங்கவிட்ட பூட்ஸ். கேப்டன் பையன் ஜன்னலில் குனிந்து, "சார், ஆரணி கிரவுண்டு நடந்து போகிற தூரமா?" என்று கேட்டான். தூரத்தைச் சொன்னேன். அவன் கையிலிருந்த அட்டை டிக்கெட்டைத் திருப்பி என் பக்கம் காட்டினான். அதில் ஆரணி ரோடு என்று இருந்தது. அவன் ஒன்றும் சண்டை போடவில்லை, அந்தப் பெயரை விரலால் தொட்டுக் காட்டினான், அவ்வளவுதான். ஆறரை மணிக்கு மேட்ச். கடைசியில் அரிசி மில் லாரி ஒன்றை நிறுத்தி மூட்டை மேல் ஏற்றி அனுப்பினேன். ஆட்டத்தில் தோற்றார்கள் என்று மறுநாள் கேள்விப்பட்டேன். இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. ரோடு என்ற சொல்லுக்கு அர்த்தம் அந்தப் பையன்களுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. ஆனால் அந்த விரல் இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒரு பெயர் வைக்கும்போது எனக்கு அந்தப் பையன்தான் முதலில் ஞாபகம் வருகிறான்.

இந்த மாதிரி நம் பக்கத்தில் நிறைய. சோளிங்கர் ஸ்டேஷன் பாணாவரத்தில் இருக்கிறது. தென்னிந்தியாவின் முதல் பயணி ரயில் 1856 ஜூலை 1-ல் ராயபுரத்திலிருந்து ஆற்காட்டுக்கு ஓடியது என்று படித்திருப்பீர்கள். அது வந்து நின்ற இடம் இன்றைய வாலாஜா ரோடு. ஆற்காடு ஊர் பாலாற்றுக்குத் தென்கரை, ஸ்டேஷன் வடகரையில். பெயர் ஒரு பக்கம், ஊர் ஒரு பக்கம் என்ற சிக்கல் நமக்கு ரயில் வந்த நாளிலிருந்தே இருக்கிறது. உங்கள் ஊர் அதிர்ஷ்டசாலி. ஸ்டேஷன் பெயரும் ஊர்ப் பெயரும் ஒன்றாக இருக்கிறது. அதை எதற்குக் கெடுத்துக்கொள்ள வேண்டும்?

பெயர் எடுபட்டுப் போகிற வலியும் நம் ஜில்லாவுக்குப் புதிதில்லை. வட ஆற்காடு என்பது 1989-ல் பிரிந்து ஒரு பாதி வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் ஆனது, இன்னொரு பாதி திருவண்ணாமலை சம்புவராயர். நம் பஸ்ஸில் போக்குவரத்துக் கழகத்தின் பெயராகப் பட்டுக்கோட்டை அழகிரி என்று எழுதியிருந்தது நினைவிருக்கும் வயதுக்காரர்களுக்கு. 1997-ல் பெயரால் கலவரங்கள் வந்தபோது மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரை மொத்தமாக எடுத்தார்கள். அம்பேத்கர் பெயர் போனது எத்தனை பேரைப் புண்படுத்தியது என்பதை எங்கள் தெருவிலேயே பார்த்தேன். வைத்த பெயரை எடுப்பது, வைக்காமல் இருப்பதைவிடக் கொடுமை. அப்புறம் 2020 ஜூனில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஊர்களின் ஆங்கில எழுத்தை மாற்றி ஆணை போட்டார்கள். வேலூரை ஆங்கிலத்தில் எழுதினால் வீலூர் என்று படிக்கும்படி ஆனது. ஜனங்கள் ஒத்துக்கொள்ளவில்லை, சில நாளில் ஆணையைத் திரும்பப் பெற்றார்கள்.

இப்போது கிளப்பா மைதானமா என்ற கேள்வி. இதில் கொல்கத்தாவைப் பாருங்கள். இந்தியாவில் ஃபுட்பாலுக்காக உயிரை விடும் ஊர் அதைவிட வேறில்லை. அங்கே 2020 பிப்ரவரியில் திறந்த மெட்ரோ ஸ்டேஷனுக்குப் பெயர் சால்ட் லேக் ஸ்டேடியம். மோகன் பகான் ஸ்டேஷன் இல்லை, ஈஸ்ட் பெங்கால் ஸ்டேஷனும் இல்லை. இரண்டு டீமும் அதே ஸ்டேடியத்தில்தான் மோதுகின்றன, இரண்டு பக்கத்து ரசிகர்களும் அதே படியில்தான் இறங்குகிறார்கள். ஒரு பக்கத்தின் பெயரை வைத்திருந்தால் மறுபக்கத்துப் பையன் ஒவ்வொரு நாளும் எதிரியின் பெயரைச் சொல்லி டிக்கெட் வாங்க வேண்டும். உங்கள் மைதானத்துக்கும் போளூரிலிருந்தும் காட்பாடியிலிருந்தும் டீம் வருகிறது, ரயிலில்தான் வருகிறது. மைதானம் எல்லோருக்கும் பொது. அங்கே தோற்றுப்போனவனுக்கும் அது சொந்த மைதானம் மாதிரிதான்.

அதோடு கிளப் உடையும். இதை வருத்தத்தோடு சொல்கிறேன், நான் ஆடிய மூன்று கிளப்பில் இரண்டு இன்று இல்லை. ஒன்று இரண்டாகப் பிரிந்தது, ஒன்று பையன்கள் வேலைக்குத் திருப்பூர், பெங்களூர் என்று போய் ஆள் இல்லாமல் நின்றது. மைதானம் மட்டும் இருக்கிறது, வேறு பையன்கள் ஆடுகிறார்கள். வேலூர் கண்டோன்மென்ட் என்று தினமும் சொல்கிறோமே, அங்கே படை எங்கே? பட்டாளம் போய் எத்தனையோ காலமாகிவிட்டது, ஸ்டேஷன் பெயரில் மட்டும் கண்டோன்மென்ட் இருக்கிறது. அது இடத்தின் பெயராகப் பழகிவிட்டதால் தாங்குகிறது. ஒரு கிளப் கலைந்த பிறகு அதன் பெயர் பலகையில் நின்றால், அது தெரிந்தவனுக்கு வலி, தெரியாதவனுக்குப் புதிர்.

மஞ்சள் பலகை பற்றி ஒன்று. பெயின்டர் எழுதுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். சுண்ணாம்புக் கயிறு அடித்து மூன்று வரியாகப் பிரிப்பார். மேலே தமிழ், நடுவில் ஹிந்தி, கீழே ஆங்கிலம். அடியில் ஓரமாகக் கடல் மட்டத்திலிருந்து உயரம். பலகையின் அகலம் மாறாது. பெயர் நீண்டால் எழுத்து ஒடுங்கும். ஓடுகிற ரயிலிலிருந்து, இரவில், கண்ணாடி போட்ட பெரியவர் படிக்க வேண்டிய எழுத்து அது. அதனால் ஊர்ப் பெயருக்குப் பின்னால் ஒரே ஒரு சொல் சேருங்கள். வேலூர் டவுன், வேலூர் கண்டோன்மென்ட் மாதிரி, உங்கள் ஊர்ப் பெயரும் மைதானம் என்ற சொல்லும். அவ்வளவு போதும். எந்த ஊரும் பெயர் இழக்கவில்லை, பழகிய பெயர் முன்னால் இருக்கிறது, புதியவனுக்கு எங்கே இறங்குவது என்று தெரிகிறது. 1953 வழிகாட்டுதலின் எந்த வரியிலும் இது நேராகப் போய் இடிக்காது. உள்ளூர் அபிமானம் என்று எழுத வேண்டியதில்லை, பயணிகள் வசதி என்று உண்மையாகவே எழுதலாம்.

இனி வேலை. முதலில் மைதானம். அது யார் இடம் என்று பாருங்கள். புறம்போக்கா, பஞ்சாயத்துக்குச் சொந்தமா, பள்ளிக்கூடத்து இடமா, தனியார் கொல்லையா. தனியார் இடமென்றால் நாளைக்கே மனை போட்டு விற்றுவிடுவார்கள், ஸ்டேஷன் பெயர் அந்தரத்தில் தொங்கும். ரெவென்யூ ரெக்கார்டில் விளையாட்டு மைதானம் என்று வகைப்படுத்த முடியுமா என்று தாலுகா ஆபீசில் கேளுங்கள். நேர்மையாகச் சொன்னால் ஸ்டேஷன் பெயரைவிட இதுதான் பெரிய காரியம். பெயர் கிடைக்காவிட்டாலும் மைதானம் நிற்கும். கிளப்பைத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன் கீழ் பதிவு செய்துகொள்ளுங்கள். பதிவு இல்லாத கிளப்பின் லெட்டர்ஹெட்டை எந்த ஆபீசும் மதிக்காது.

அடுத்தது டிக்கெட். நீங்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. உங்கள் டீம் திருவண்ணாமலைக்கு ஆடப் போகும்போது வேன் பிடித்துத்தானே போகிறது? பார்க்க வருகிறவர்கள் பைக்கில்தானே வருகிறார்கள்? சின்ன ஸ்டேஷன்களில் டிக்கெட் கொடுப்பது பெரும்பாலும் கமிஷனுக்கு வேலை செய்யும் ஹால்ட் ஏஜென்ட். அவர் விற்ற டிக்கெட் கணக்குத்தான் அந்த ஸ்டேஷனின் உயிர். இந்த வண்டி இங்கே நிற்க வேண்டுமா, பிளாட்பாரத்தை நீட்ட வேண்டுமா, லைட் போட வேண்டுமா என்று கேள்வி வரும்போதெல்லாம் முதலில் அந்தக் கணக்கைத்தான் எடுப்பார்கள். ஆட்டம் இருக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் ரயிலிலேயே வாருங்கள், ரயிலிலேயே போங்கள், எல்லோரும் டிக்கெட் எடுங்கள். மொபைலில் எடுக்கும்போதும் ஸ்டேஷன் பெயரைச் சரியாகப் போட்டு எடுங்கள். ஒரு சீசன் முழுக்க இப்படிச் செய்தால், ஆட்ட நாள் விற்பனையும் மற்ற நாள் விற்பனையும் தனித்தனியாகக் காட்டுகிற ஒரு தாள் உங்கள் கையில் இருக்கும். 

மனு எங்கே? கிராமசபையில் தீர்மானம் போடுங்கள். அதன் நகலோடு மாவட்ட ஆட்சியருக்குக் கொடுங்கள், அங்கிருந்து மாநில அரசுக்குப் போக வேண்டும். நகல்கள் எம்.எல்.ஏ.வுக்கும் எம்.பி.க்கும். ரயில்வேக்கு ஒரு நகல் வேண்டுமானால் சென்னைக்கு ஓடாதீர்கள். காட்பாடி ஜங்ஷன் சென்னைக் கோட்டம், ஆனால் வேலூர் கண்டோன்மென்டிலிருந்து தெற்கே நம் கிளைப் பாதை திருச்சிக் கோட்டம். கோட்ட ரயில்வே மேலாளருக்குத் திருச்சி முகவரியில் அனுப்புங்கள். அந்த நகலில் பெயரைப் பற்றி மட்டும் எழுதாமல், ஸ்டேஷன் வெளிச் சுவரில் ஃபுட்பால் ஓவியம் வரைய அனுமதி, பிளாட்பார வாசலில் மைதானத்துக்கு வழி என்று அம்புக்குறிப் பலகை, இந்த இரண்டையும் தனியாகக் கேளுங்கள். இவற்றுக்கு டெல்லி வரை போக வேண்டியதில்லை. கோட்ட அளவிலேயே கிடைக்க வாய்ப்பிருக்கிறது, அதுவும் சீக்கிரமே.

அப்புறம் நேரம். 2010 வாக்கில் நம் பாதையை அகலப்பாதையாக மாற்றி முடித்தபோது எல்லா ஸ்டேஷனிலும் பலகை புதிதாக வைத்தார்கள். அது ஒரு திறந்த கதவு, யாரும் கேட்கவில்லை. எனக்கும் அப்போது தோன்றவில்லை, இன்றும் வருந்துகிறேன். அடுத்த கதவு திண்டிவனம்–நகரி புதுப் பாதை. வந்தவாசி, செய்யாறு, ஆரணி, ஆற்காடு, ராணிப்பேட்டை என்று போகிற பாதை அது. வேலை மெதுவாகத்தான் நடக்கிறது. ஆனால் முடிந்தால் ஆரணிக்கு ஆரணியிலேயே ஸ்டேஷன் வரும். அன்றைக்குக் களம்பூரில் இருக்கிற ஆரணி ரோடு என்ற பெயரை என்ன செய்வது என்று அவர்களே யோசித்தாக வேண்டும். இந்த வட்டாரத்து ஸ்டேஷன் பெயர்களை ஒரு தடவை எடுத்துப் பார்க்கிற நாளாக அது இருக்கும். உங்கள் கோப்பு அதற்குள் ஆட்சியர் அலுவலகத்தைத் தாண்டியிருந்தால் நல்லது. புதுப் பாதையோரம் இருக்கிற டீம்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். இருக்கிற பெயரை மாற்றுவதைவிடப் புது ஸ்டேஷனுக்குப் பெயர் கேட்பது எத்தனையோ மடங்கு சுலபம்.

நீங்கள் வாங்கி வைத்திருக்கிற கையெழுத்துகளைத் தூக்கிப் போடாதீர்கள். மேலே இருக்கிற கோரிக்கையை மட்டும் மாற்றி எழுதி, கையெழுத்துப் போட்டவர்களிடம் மறுபடி படித்துக் காட்டுங்கள். எதிர் டீம் கேப்டன்களிடமும் ஒரு கையெழுத்து வாங்குங்கள். மைதானத்தின் பெயர் என்றால் போளூர்க்காரனும் போடுவான். மனுவின் முதல் பத்தியில் கிளப் ஜெயித்த கோப்பைகளை எழுத வேண்டாம், அந்த டிக்கெட் கணக்கை எழுதுங்கள். வரைவு தயாரானதும் எனக்கு அனுப்புங்கள், ஆபீஸ் பாஷையில் திருத்தித் தருகிறேன். ஆட்டம் இருக்கிற ஞாயிற்றுக்கிழமை எது என்றும் சொல்லுங்கள், கண்டோன்மென்டில் ஏறி வந்துவிடுகிறேன்.